விளிம்பில் பட்ட பந்து

ஒரே ஒரு சொல்லைக் கேட்பதற்காக ஒருத்தி எவ்வளவு காலம் காத்திருக்கலாம்? ஜெல்மீரா ஹுடாக்கோவாவைப் பக்கத்திலிருந்து பார்த்த எங்களுக்கு இந்தக் கேள்வி அடிக்கடி எழுந்தது. காதலுக்காகக் காத்திருந்தால் ஊருக்குப் புரிந்திருக்கும். அவள் காத்திருந்தது ‘விளிம்பு’ என்ற சொல்லுக்கு. அதுவும் டாக்மாராவின் வாயிலிருந்து.

மேசைப்பந்தில் பந்து மேசையின் மேல்விளிம்பை உரசிப் போனால் அடித்தவருக்குப் புள்ளி. சற்றுக் கீழே, பக்கவாட்டில் பட்டால் எதிராளிக்கு. எது என்பது மேசையருகே நிற்பவருக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். அதனால் தனக்கு எதிரான உண்மையைத் தானே சொல்லிவிடுவது ஆடுபவர்களின் மரியாதை. சிறிய போட்டிகளில் தனி நடுவர் கிடையாது. முந்தைய ஆட்டத்தில் தோற்றவர் அடுத்த ஆட்டத்துக்கு உட்கார்ந்து புள்ளி எண்ண வேண்டும்.

இளையோர் தேசிய அணிக்கான தேர்வு பன்ஸ்கா பிஸ்த்ரிட்சா நகரத்தில் நடந்தது. கடைசி இடத்துக்கு ஜெல்மீராவும் டாக்மாராவும் மோதினார்கள். இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஜெல்மீரா ஜெயித்துவிடுவாள் என்ற நிலையில் அவள் அடித்த பந்து டாக்மாராவின் பக்கத்து விளிம்பை உரசித் துள்ளியது. புள்ளி எண்ண நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் டாக்மாராவின் தோழி. அவள் டாக்மாராவைப் பார்த்தாள். டாக்மாரா மட்டையைக் கால்சட்டையில் துடைத்தபடி, “பக்கம்,” என்றாள்.

“உன் கண்ணு முன்னாடிதானே பட்டுச்சு! நீ பாத்தே!”

“பாத்தேன். பக்கம்தான். சீக்கிரம் முடிச்சுட்டு ஊருக்குப் போ. ஆடு கறக்கணும்ல?”

கூடம் சிரித்தது. அதற்குப் பிறகு ஜெல்மீரா அடித்ததெல்லாம் வலையில் விழுந்தது, தோற்றாள். டாக்மாரா தேசிய அணிக்குப் போனாள், பிறகு ஆஸ்திரிய லீகில் சம்பளத்துக்கு ஆடினாள். ஜெல்மீரா ரிமாவா ஆற்றங்கரையிலிருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பி, ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி செய்யும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த வாசனை அவள் கையைவிட்டுப் போகவே இல்லை.

அவளைப் பெரிய ஆட்டக்காரி என்று சொல்ல மாட்டேன். கால் மெதுவு. முன்கை அடி சுமார்தான். அவளிடம் இருந்தது நோக்கம் ஒன்று மட்டுமே. அதையும் நல்ல நோக்கம் என்று சொல்ல முடியாது. டாக்மாரா சுழல் அடியில் வாழ்பவள். எனவே ஜெல்மீரா தன் மட்டையின் பின்பக்கத்தில் நீண்ட முட்கள் உள்ள ரப்பரை ஒட்டினாள். வரும் சுழலைத் தலைகீழாக்கி அனுப்பும் ரப்பர் அது. அதுவரை கற்ற ஆட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, மேசையைவிட்டுப் பின்வாங்கி நின்று பந்தை வெட்டி வெட்டி அனுப்பப் பழகினாள். எங்கள் ஊர்க் கலாசார மண்டபத்தின் குளிர்ந்த கூடத்தில் மாலைதோறும் அந்த வெட்டுச் சத்தம் கேட்கும்.

எங்கள் மேசைப்பந்துச் சங்கத் தலைவர் வெண்டெலீன் ஒருமுறை கேட்டார்: “யார் கழுத்தை நெனச்சுடி இப்படி வெட்டுற?”

“பந்தைத்தான் மாமா.”

“பந்துக்குப் பேர் ஏதாவது வச்சிருக்கியா?”

அவள் அடுத்த பந்தை எடுத்தாள்.

வேறு ஊர்ச் சங்கங்கள் அவளை அழைத்தபோதெல்லாம் அவள் கேட்டது ஒன்றே: டாக்மாரா ஆடும் அணியோடு உங்களுக்கு ஆட்டம் உண்டா? உண்டு என்ற ஒரு சங்கத்துக்கு மட்டும் போனாள். அந்த ஓர் ஆண்டு மட்டும் டாக்மாரா ஆஸ்திரியாவிலிருந்து வந்து உள்நாட்டு லீகில் ஆடினாள். இருவரும் மோதினார்கள். ஜெல்மீராவின் வெட்டு அப்போது பாதிதான் பழுத்திருந்தது, தோற்றாள். கை குலுக்கும்போது டாக்மாரா இனிமையாகக் கேட்டாளாம்: “நல்லா ஆடுறீங்க. நாம முன்னாடி எங்கயாவது ஆடியிருக்கோமா?”

திரும்பும் பேருந்தில், ஆட்டம் பார்க்க வந்திருந்த வெண்டெலீனிடம் ஜெல்மீரா சொன்னாள்: “மறந்துட்டா மாமா. செஞ்சதைவிட இது பெருசு.”

தீங்கு செய்தவர் மறந்துவிட்டால் அதைச் சுமப்பவர் தனியாளாகிவிடுகிறார். ஜெல்மீரா மணம் செய்துகொண்டாள், மணவாழ்க்கை முறிந்தது. அவள் வெட்டுவதை நிறுத்தவில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு டாக்மாரா நாடு திரும்பி, எங்களுக்கு அடுத்த ஊரில் வீடு வாங்கினாள். அந்த டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், புனித ஸ்டெஃபான் நாளில் நாங்கள் வழக்கமாக நடத்தும் போட்டிக்குத் தன் மகள் நேலாவோடு வந்தாள். கூடத்தின் மூலையில் முட்டைக்கோஸ் சூப் பெரிய பானையில் கொதித்துக்கொண்டிருந்தது. பிளம் சாராயம் கைமாறியது.

அரையிறுதியில் ஜெல்மீராவும் டாக்மாராவும். முதல் சில பந்துகளிலேயே முடிவு தெரிந்துவிட்டது. டாக்மாராவின் சுழல் ஒவ்வொன்றும் அவளுக்கே விஷமாகத் திரும்பியது. ஜெல்மீரா சீக்கிரம் முடித்திருக்கலாம்; முடிக்கவில்லை. இடமும் வலமுமாக ஓடவிட்டு, குனியவைத்து, மூச்சிரைக்கவைத்துப் பிறகே ஒவ்வொரு புள்ளியையும் எடுத்தாள். பார்க்கச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் யாரும் கண்ணை எடுக்கவில்லை.

கை குலுக்கும்போது டாக்மாரா சொன்னாள்: “முள்ளு ரப்பரா? இதெல்லாம் ஆட்டமே இல்ல. ஏமாத்து வேலை.”

“ஏமாத்து வேலைய பத்தி நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

டாக்மாராவின் முகம் மாறியது. “இன்னுமா அந்தப் பந்து? பைத்தியமாடி உனக்கு? அது பக்கம்தான்.”

அவள் எதையும் மறந்திருக்கவில்லை. எல்லாம் நினைவில் வைத்துக்கொண்டுதான் அன்று இனிமையாகக் கேட்டிருக்கிறாள். ஜெல்மீரா தண்ணீர் குடித்தாள்.

மற்றோர் அரையிறுதியில் நேலா ஜெயித்தாள். இறுதி ஆட்டம் ஜெல்மீராவும் டாக்மாராவும் ஆடிய மேசையில். தோற்ற டாக்மாரா புள்ளி எண்ண வேண்டும். வெண்டெலீன் தயங்கினார்.

“அம்மா எண்ண, பொண்ணு ஆடுறது சரியா வராது. வேற யாரையாவது உக்கார வைக்கலாம்.”

“தோத்தவதான் எண்ணணும் மாமா. எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல,” என்றாள் ஜெல்மீரா, எல்லாருக்கும் கேட்கும்படி. “பொண்ணு ஆடுறான்னு அவ பொய் சொல்லிடுவாளா என்ன?”

சூப் கிண்ணங்களோடு நின்றவர்கள் சிரித்தார்கள். இம்முறை சிரிப்பு டாக்மாராவின் மேல் விழுந்தது. அவள் உட்கார்ந்தாள்.

நேலா நல்ல பெண். அம்மாவைவிட நன்றாக ஆடினாள். ஆட்டம் கடைசி செட் வரை போனது. பத்துக்கு ஒன்பது, ஜெல்மீராவுக்கு வேண்டியது ஒரே புள்ளி. அவள் வெட்டிய பந்து மிதந்து போய் நேலாவின் பக்கத்து விளிம்பை உரசித் துள்ளியது. முன்வரிசையில் நின்ற நாங்கள் பார்த்தோம். நேலா அம்மாவைப் பார்த்தாள். அன்று நாற்காலியிலிருந்து மேசைக்குப் போன பார்வை இன்று மேசையிலிருந்து நாற்காலிக்குப் போனது.

டாக்மாராவின் விரல்கள் எண் அட்டையைப் பிடித்தபடி நின்றன. தலை நிமிராமல் முணுமுணுத்தாள்: “விளிம்பு.”

“சத்தமா சொல்லும்மா, சூப்புக்கு உப்பு கேக்குறியா?” என்றார் பானையருகே ஒருவர்.

“விளிம்பு!” என்று டாக்மாரா கத்தினாள். பிறகு குரல் உடைந்தது. “அன்னிக்கும் விளிம்புதான். போதுமா? ஜெயிச்சுட்டே. எடுத்துக்கோ.”

கூடம் முழுக்க ஜெல்மீராவைப் பார்த்தது. அவளுக்கு வேண்டியது எல்லார் முன்னிலையிலும், கேட்டதற்கு மேலேயே கிடைத்திருந்தது. அடுத்து அவள் செய்தது இரக்கமா, இரக்கமின்மையின் கடைசி எல்லையா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. எத்தனையோ பேர் கேட்டும் அவள் வாய் திறந்ததில்லை.

மட்டையைக் கால்சட்டையில் மெல்லத் துடைத்தாள்.

“இல்ல,” என்றாள். “பக்கம்.”

நாற்காலியருகே போய் எண் அட்டையைத் தன் கையாலேயே பத்துக்குப் பத்து என்று திருப்பி வைத்தாள். டாக்மாராவின் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைக்குத் திரும்பி, பந்தை நேலாவை நோக்கி உருட்டிவிட்டாள்.

“உன் சர்வீஸ், கண்ணு.”