கழுத்தறுப்பு கேட்ட கேள்வி

அலுவலகத்தில் அவளுக்குக் கழுத்தறுப்பு என்று பெயர். வைத்தவன் பக்கத்து நாற்காலிக்காரன். ஒரு மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், ஜன்னல் இல்லாத அறையில், அவளும் அவனும் இன்னும் சிலரும் மருத்துவர்கள் எழுதும் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டைக் கணினியில் பதிவார்கள். அதைப் பார்த்துத்தான் காப்பீட்டு நிறுவனம் சிகிச்சைக்குச் சம்மதிக்கும், அல்லது கையை விரிக்கும்.

அவளுக்கு வருவதெல்லாம் கழுத்தும் முதுகும். மருத்துவர் ‘கழுத்து வலி’ என்று மட்டும் எழுதியிருந்தால் எம் 54.2. வலி இருக்கிறது, காரணம் சொல்லப்படவில்லை என்று அதற்குப் பொருள். காரணத்தை எழுதியிருந்தால் குறியீடு வேறு. எழுதாததை அவள் ஊகித்துப் போடக் கூடாது. மருத்துவரிடம் கேட்கலாம். ஆனால் கேள்விக்குள் பதிலை ஒளித்து வைக்கக் கூடாது. ‘நரம்பு நசுங்கியிருக்கிறது, இல்லையா?’ என்று கேட்டால் தவறு. ‘வேறு ஏதாவது கவனித்தீர்களா?’ என்று கேட்டால் சரி. அந்த மாடியில் அதிகக் கேள்வி அனுப்பியவள் அவள்தான்.

“இன்னைக்கு எத்தனை டாக்டர் கழுத்தை அறுத்த?” என்பான் பக்கத்து நாற்காலிக்காரன்.

“எல்லாம் முடிஞ்சுது. உன் கழுத்துதான் பாக்கி” என்பாள்.

அதிசயம் தேடி மலையேறுகிறவர்கள் தங்கள் பின்கழுத்தை ஒருமுறை தடவிப் பார்க்கலாம். ஏழே எலும்புகள். அவற்றின் நடுவே சுண்டுவிரல் பருமனில் ஒரு நரம்புத் தண்டு. எழுந்து நட என்ற கட்டளையும், காலில் முள் குத்திய செய்தியும் அந்த ஒற்றை வழியாகத்தான் போய்வருகின்றன. மனிதன் வாழ்நாள் முழுவதும் அதன் மேல் ஒரு கனத்த தலையை வைத்துக்கொண்டு திரிகிறான், அதைப் பற்றி ஒருநாளும் நினைக்காமல்.

அவளுடைய அக்காவின் கணவர் வண்ணம் பூசுபவர். அதிலும் உட்கூரை. கண்ணில் சொட்டும் என்று மற்றவர்கள் நழுவிவிடும் வேலையை இவர் தலையில் கட்டிவிடுவார்கள். இருபது ஆண்டுகளாக அண்ணாந்தே பிழைத்த மனிதர். அந்தக் கூரைகளுக்குக் கீழே மெத்தையில் மல்லாந்து கிடப்பவர்கள், அதைப் பூசியவனுக்கும் ஒரு கழுத்து உண்டு என்று யோசித்திருப்பார்களா?

அவர் கழுத்து வலி என்று அவள் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கே போனார். டாக்டரம்மா ‘கழுத்து வலி’ என்றே எழுதினார். வீட்டு ஆளின் கோப்பை அவள் தொடக் கூடாது என்பதால், பக்கத்து நாற்காலிக்காரன் எம் 54.2 போட்டான். காப்பீட்டு நிறுவனம் பதில் அனுப்பியது: சாதாரணக் கழுத்து வலிக்கு ஸ்கேன் தேவையில்லை, முதலில் கழுத்தை இழுத்துவிடும் சிகிச்சை எடுத்துக்கொள்ளவும். சாதாரணம்! குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, முகம் பார்க்காத ஒருவரின் வலிக்கு இந்தச் சொல்லைச் சூட்ட எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அன்று மாலையே அக்கா கணவரைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

“நரம்பு கெட்டுப்போச்சுன்னு ஒரு குறியீடு இருக்குமே, அதைப் போட்டுவிடுடி. ரெண்டு தட்டு தட்டினா முடிஞ்சுது.”

“போட முடியாதுக்கா.”

“உன் கூடப் பொறந்தவ புருஷன்டி! ஊரான் இல்ல!”

“அதனாலதான் முடியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதினா, அந்தப் பொய்க்குத்தான் வைத்தியம் பாப்பாங்க. மாமாவுக்கு இல்ல.”

“பெரிய அரிச்சந்திரி” என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஊகம் அவளிடமும் இருந்தது. எத்தனையோ கோப்புகளைப் படித்தவள். கைக்குப் போகும் நரம்பாகத்தான் இருக்கும் என்று மனம் சொன்னது. அதை வாயில் வரவிடாமல் விழுங்கிக்கொண்டு, மாமாவின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“மாமா, உங்களுக்கு என்ன பண்ணுது?”

“கழுத்து வலிதான்மா. என் தலைவிதி.”

“தலைவிதி வேண்டாம், தலைக்குக் கீழ சொல்லுங்க. வேற ஏதாவது கவனிச்சீங்களா?”

“கை மரத்துப் போகுதுன்னு சொல்லுங்களேன்!” என்றாள் அக்கா.

“அக்கா, நீ சாட்சிக்குச் சொல்லிக் கொடுக்காத.”

அக்காவுக்கு வாய் துறுதுறுத்தது. தங்கை ஒரு பார்வை பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். கடைசியில் அவர் தன் விரல்களைப் பார்த்தபடி சொன்னார்.

“சட்டைக்குப் பட்டன் போட வரல. பிரஷ் கைய விட்டு நழுவுது. நடந்தா தரை பஞ்சு மாதிரி இருக்கு. ஏணியில இருக்கறப்ப காலு எங்க இருக்குன்னே தெரியல.”

“இதை என்கிட்ட சொல்லவே இல்லையே!” என்றாள் அக்கா.

“சொன்னா ஏணி ஏற விடுவியா?”

மறுநாள் காலை மூவரும் போனார்கள். கூடம் முழுக்க ஆட்கள். டாக்டரம்மா அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“போன தடவையே ஏன் சொல்லல?”

“கழுத்துக்குத்தானே வந்தேன் டாக்டர்? பட்டனுக்கா ஆஸ்பத்திரிக்கு வருவாங்க?”

டாக்டரம்மா சிரித்தார். உடனே சிரிப்பு நின்றது. மாமாவின் கையைப் பிடித்து நடுவிரலின் நகத்தை லேசாகச் சுண்டினார். யாரும் தொடாத கட்டைவிரல் துள்ளி மடங்கியது. முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியால் தட்டினார், கால் அளவுக்கு மீறி உதைத்தது. கோட்டின் மேல் அடிமேல் அடி வைக்கச் சொன்னார். அண்ணாந்தபடி ஏணியில் நின்ற மனிதர் வெறும் தரையில் தடுமாறினார்.

சுவரோரமாக நின்றவளுக்கு உடல் சிலிர்த்தது. இந்தச் சோதனைகளின் பெயர்களைத் திரையில் எத்தனையோ முறை படித்திருக்கிறாள், கண்ணால் கண்டதில்லை. கழுத்துக்குள் நடப்பதைக் கட்டைவிரல் வந்து சொல்கிறது! மந்திரம் இல்லை, மாயம் இல்லை. ஒரு விரல் துள்ளுகிறது, ஒருவர் பார்க்கிறார், பார்த்ததை எழுதுகிறார். மனித குலம் இதைக் கற்றுக்கொள்ள எத்தனை பேர் பொறுமையாகக் கண்ணைத் திறந்து வைத்திருந்திருக்க வேண்டும்!

டாக்டரம்மா ஒன்றுவிடாமல் எழுதினார். சாதாரணம் என்று சொன்ன நிறுவனம் இப்போது வாயை மூடிக்கொண்டு சம்மதித்தது. ஸ்கேனில் தெரிந்தது கைநரம்பு அல்ல. அந்தத் தண்டே நசுங்கியிருந்தது.

“நல்லவேளை, யாரும் கழுத்தை இழுத்துப் பாக்கல” என்றார் டாக்டரம்மா. “கை காலு விளங்காமப் போயிருக்கும்.”

அவளுடைய ஊகமும் தவறு. அதைப் பதிந்திருந்தால்? அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அரிச்சந்திரி என்று அப்புறம் சொல்லவே இல்லை.

அறுவை சிகிச்சை நடந்தது. மேலும் கெடாது, போனது எவ்வளவு திரும்பும் என்று பார்ப்போம் என்றார்கள். கூரை வேலை இனி இல்லை. சுவர் போதும் என்றார் மாமா. சுவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகமாம்.

கழுத்துப்பட்டையைக் கழற்றிய வாரம் அவள் போனபோது, அவர் கண்ணாடி முன் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். அக்கா உதவிக்குக் கை நீட்டினாள்.

“கையை எடு. நானே போடுவேன்.”

ஒவ்வொரு பட்டனாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, கடைசி வரை போட்டு முடித்து நெஞ்சை நிமிர்த்தினார். முதல் பட்டனே ஒரு துளை தள்ளி விழுந்திருந்தது. சட்டை ஒருபக்கம் தொங்கியது. அக்கா வாயைத் திறந்தாள். தங்கை அவள் காலை மிதித்தாள்.

“மாமா, வேற ஏதாவது கவனிச்சீங்களா?”

அவர் மெல்லத் தலை குனிந்து பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்து, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மேலிருந்து மறுபடி தொடங்கினார்.