அம்புட்டும் எங்குட்டுப் போகுது?

பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகும் டீச்சர்கள் ஓர் இடத்துக்குள் நுழைந்ததும் முதலில் எதைப் பார்ப்பார்கள், தெரியுமா? தூணையும் இல்லை, ஓவியத்தையும் இல்லை. பாத்ரூமை.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேருக்கு ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டைச் சுற்றிக் காட்ட வேண்டும். அனுமதி கேட்பதற்காகப் போன புதன்கிழமை நேமத்தான்பட்டி போயிருந்தேன். வீட்டுக்காரர் மெய்யம்மை ஆச்சி. ஆச்சி என்றதும் வயதானவர் என்று நினைத்துவிடாதீர்கள். என்னைவிடப் பத்து வயது கூட இருந்தால் அதிகம். லேப்டாப்பும் கையுமாக வந்து வரவேற்றார்.

"பாத்ரூம் எங்க இருக்கு ஆச்சி?"

"பிள்ளைகளுக்குப் பின்கட்டுல நாலு இருக்கு டீச்சர். நீங்க மொதல்ல இங்க வாங்க. இதப் பாருங்க."

கதவைத் திறந்தார். நான் ஓரடி எடுத்து வைத்ததுதான் தாமதம் — டாய்லெட்டின் மூடி தானாகவே மெல்ல எழுந்தது. நான் ஓரடி பின்வாங்கினேன்.

"பயப்படாதீக. வர்றவுகளுக்கு எந்திரிச்சு மரியாதை செய்யுது."

ஆச்சியின் கணவர் ஜப்பானிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த சீட்டாம். உட்கார்ந்தால் வெதுவெதுப்பாக இருக்கிறது. சுவரில் ஒரு ரிமோட். ஒரு பட்டனை அமுக்கினால் சின்னக் குழாய் நீண்டு வந்து கழுவிவிடுகிறது. இன்னொன்றை அமுக்கினால் வெந்நீர். மூன்றாவது பட்டனுக்குச் சூடான காற்று. கையே தேவையில்லை!

"எங்க அப்பச்சி ஒரு மாசம் அதுக்கிட்டயே போகல டீச்சர். இப்ப உள்ள போனா எந்திரிச்சு வர மாட்டேங்குறாக" என்றார் ஆச்சி, தன் அப்பாவைப் பற்றி.

நானும் உட்கார்ந்து பார்த்தேன். உங்களிடம் மறைப்பானேன்? கூச்சத்தில் தனியாகச் சிரித்தேன். மனிதர்கள் எதையெல்லாம் யோசித்து யோசித்துச் செய்கிறார்கள்... வியப்பு அடங்கவே இல்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் போனில் தேடிக்கொண்டே வந்தேன். தண்ணீரே கிடைக்காத நாடுகளில் சாம்பல் தூவி மூடும் கழிப்பறைகள் இருக்கின்றன. சிறுநீரைத் தனியாகப் பிரித்து உரமாக்கும் கழிப்பறைகள் இருக்கின்றன. குழாயும் கரண்டும் இல்லாத குடிசைக்கு என்ன செய்யலாம் என்று எங்கோ ஒருவர் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்கிறார். உலகத்தில் இப்படியும் ஒரு கவலை!

வலையபட்டிப் பக்கம் எங்கள் வீடு. வந்ததும் அப்பா அம்மாவிடம் ஒப்பித்தேன். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. எங்கள் வம்சத்தில் முதலில் படித்தவள், முதலில் டிகிரி வாங்கியவள் நான். இதை இந்தப் பத்திரிகைப் பத்தியில் எத்தனை தடவைதான் சொல்வாய் என்று முணுமுணுக்காதீர்கள். இன்னும் சொல்வேன்.

அப்பா காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

"எல்லாஞ் சரித்தா. கழுவுது, காய வைக்குது. அம்புட்டும் எங்குட்டுப் போகுது?"

எனக்குத் தெரியவில்லை. கேட்கத் தோன்றவில்லையே! ஆச்சிக்குப் போன் போட்டேன். அவரும் யோசித்தார். "தோட்டத்துல எங்குட்டோ தொட்டி இருக்கு டீச்சர். லாரி வரும்... எடுத்துட்டுப் போகும்."

லாரி எங்கே போகும்? அது ஆச்சிக்கும் தெரியாது.

அப்பா சும்மா கேட்கவில்லை. அதுதான் ஒன்பது வருடமாக எங்கள் வீட்டில் இருக்கும் சண்டை.

நான் காலேஜில் சேர்ந்த வருடம், பிடிவாதம் பிடித்து வீட்டுக் கொல்லையில் கழிப்பறை கட்ட வைத்தேன். இரட்டைக் குழிக் கழிப்பறை. சிமெண்ட் உறை இறக்கிய இரண்டு சின்னக் குழிகள். அடியில் வெறும் மண். பீங்கானிலிருந்து வரும் குழாய் ஒரு சிறு தொட்டிக்கு வந்து, அங்கே இரண்டாகப் பிரியும். ஒரு வழியைச் செங்கல் வைத்து அடைத்துவிட வேண்டும். ஒரு குழி நிறைந்ததும் செங்கலை மாற்றி வைத்து, அடுத்த குழிக்குத் திருப்பிவிடலாம். முதல் குழி ஓய்வெடுக்கட்டும். இரண்டாவது நிறைவதற்குள் முதல் குழியில் இருப்பது மக்கி உரமாகிவிடும்.

இது காகிதத்தில்.

எங்கள் வீட்டில் நடந்தது வேறு. குழியைப் பார்த்ததும் அப்பா, "இம்புட்டுக் குழி எத்தன நாளைக்கு வரும்? நெறஞ்சா எவன் அள்ளுறது?" என்றார். அன்றிலிருந்து இன்றுவரை அவர் அதற்குள் போனதில்லை. காலையில் சொம்போடு கண்மாய்க்கரைதான். மழையானாலும் சரி, காய்ச்சலானாலும் சரி. பொம்பளைகளுக்கு மட்டும் என்று குழியை மிச்சம் பிடித்தார். அம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. சொந்தபந்தம் வந்தால் கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டுவிடுவார். "தாப்பா கெட்டுப் போச்சு" என்று ஒரு பொய் வேறு.

ஐந்து வருடத்தில் முதல் குழி நிறைந்தது. கொத்தனார் வந்து செங்கலை மாற்றி வைத்துவிட்டுப் போனார். இப்போது நாலு வருடம் கழித்து இரண்டாவதும் நிறைந்துவிட்டது. போன வியாழக்கிழமை ஊற்றிய தண்ணீர் இறங்காமல் அப்படியே நின்றது.

"மூடிப் போட்ருவோம்" என்றார் அப்பா.

"மூடிப்புட்டு? நான் எங்குட்டுப் போவேன், கண்மாய்க்கா?" அம்மா கேட்டார்.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்து போயிருக்கிறது. நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றைப் பீங்கான் மேல் வைத்து, அதில்தான் உட்காருகிறார். அதைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க்கு நடக்க முடியுமா?

"மொதக் குழியத் தோண்டி அள்ளிட்டா, மறுபடி அதுக்குத் திருப்பிக்கலாம்பா" என்றேன்.

"பீக்குழிய நம்மளே தோண்டுறதா? ஊருக்குள்ள தல காட்ட முடியுமாத்தா? வேணும்னா ஆள் விட்டு அள்ளச் சொல்லுவோம்."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் மூன்று பேர் வீட்டுக் குழியை அள்ள, இன்னொரு வீட்டுப் பிள்ளையின் கை எதற்கு? சட்டமே கூடாது என்கிறது. சட்டம் சொல்லாவிட்டால் மட்டும் சரியாகிவிடுமா?

"ஆளெல்லாம் வேணாம். நான் அள்ளுறேன்" என்று சொல்லிவிட்டேன்.

மக்குதல் பாடத்தை வருடா வருடம் நடத்துகிறவள் நான். பாக்டீரியா, ஈரம், காற்று என்று போர்டில் படம் போட்டு, அம்புக்குறி எல்லாம் போடுவேன். அம்புக்குறியின் முனையில் போய் நான் என்றைக்காவது நின்றிருக்கிறேனா?

வெள்ளி, சனி இரண்டு நாளும் கவனித்தேன். அம்மா செம்பில் தண்ணீர் மோந்து, இரண்டு மடக்கு குடித்துவிட்டு வைத்துவிட்டார். ராத்திரி சாப்பாட்டை வேண்டாம் என்றார். பசியில்லையாம். பெண்களுக்கு இந்தப் பசியின்மை எத்தனை வருடப் பழக்கம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

ஞாயிறு காலை. காலில் கம்பூட்ஸ், கையில் தடிமனான ரப்பர் கையுறை, மண்வெட்டி, கடப்பாரை. அப்பா கொல்லை வாசலோடு நின்றுகொண்டார். துண்டு மூக்கில்.

இரண்டு மூடியும் ஒன்றுபோலவே இருந்தன. எது பழைய குழி?

"முருங்க மரத்துப் பக்கம்" — இது அம்மா.

"இல்ல. தொவைக்கிற கல்லுப் பக்கம்" — இது துண்டுக்குள்ளிருந்து அப்பா.

மாற்றித் திறந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. சிறு தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். கொத்தனார் வைத்த செங்கல் முருங்கை மரத்துப் பக்க வழியை அடைத்துக்கொண்டு இருந்தது. அப்படியென்றால் ஓய்வில் இருப்பது அதுதான். அம்மா ஜெயித்துவிட்டார்.

கடப்பாரையை இடுக்கில் கொடுத்து மூடியை நகர்த்தினேன். தள்ளிப் போய் நின்றேன். கொஞ்ச நேரம் காற்றாடட்டும் என்று ஒரு சாக்கு. உண்மையில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எத்தனை நேரம்தான் பிடிக்க முடியும்? விட்டேன்...

எதுவும் வரவில்லை.

எட்டிப் பார்த்தேன். கருத்த, பொலபொலவென்ற மண். நடுவே வெள்ளை வெள்ளையாக முருங்கை வேர்கள் நூல் நூலாக ஓடியிருந்தன. ஒரு மண்புழு நெளிந்தது. மண்வெட்டியால் ஒரு கொத்து வெட்டி வெளியே போட்டேன். புதுமழை பெய்ததும் தரையிலிருந்து எழும்புமே, அந்த வாசனை.

உடம்பு சிலிர்த்தது. நிஜமாகவே. நாங்கள் முகம் சுளித்து, ஒளித்து, பூட்டி வைத்தது... நாலு வருடம் யாரும் தொடாமல் இருட்டில் இருந்து, இப்படி ஆகியிருக்கிறது. ஆச்சி வீட்டில் கரண்ட், சென்ஸார், ரிமோட் எல்லாம் இருந்தன. இந்தக் கண்டுபிடிப்பில் அசையும் பாகம் ஒரே ஒரு செங்கல். மிச்ச வேலை முழுவதையும் கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர்கள் சத்தமே இல்லாமல் பார்த்திருக்கின்றன. இதை யோசித்தவர் எவரோ... கும்பிட வேண்டும் போலிருந்தது.

"என்னத்தா, பேச்சையே காணோம்?"

"நீங்களே வந்து பாருங்கப்பா."

அப்பா வந்தார். நாலெட்டு முன்னே, ஓரெட்டுப் பின்னே. வந்தவர் குத்தவைத்து உட்கார்ந்தார். மூக்கிலிருந்து துண்டு இறங்கியது. நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஒரு பிடி அள்ளிவிட்டார். வயலில் ஈரம் பார்ப்பதுபோல உள்ளங்கையில் இறுக்கினார், விரித்தார், கட்டை விரலால் உதிர்த்தார். முகத்தருகே கொண்டுபோனார்.

எனக்கு டிகிரி இருக்கலாம். மண்ணைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எங்கள் வீட்டில் அவரை விட்டால் ஆள் கிடையாது.

"மண்ணுத்தா இது" என்றார். இன்னொரு பிடி அள்ளி உதிர்த்துப் பார்த்துவிட்டு, "நல்ல மண்ணு."

பிறகு என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். கையுறையைக் கெஞ்சிக் கூத்தாடி மாட்டிவிட்டேன். மத்தியானத்துக்குள் குழி காலி. தென்னையைச் சுற்றி வட்டமாக வெட்டி, அத்தனையையும் போட்டு மூடினார்.

"தென்னையோட நிறுத்திக்கங்க. கத்திரிச் செடிக்குப் போட்டீகன்னா, காய நீங்களே ஆக்கித் தின்னுக்கங்க" என்றார் அம்மா.

செங்கலை நான் மாற்றி வைத்தேன். அம்மா ஒரு வாளி தண்ணீரைக் கொண்டுவந்து பீங்கானில் ஊற்றிவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார். கடகடவென்று இறங்கியது.

அம்மா நேரே அடுப்படிக்குப் போனார். செம்பு நிறையத் தண்ணீர் மோந்து, அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

மறுநாள் காலை ஏழரை மணி. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரமாகக் கொல்லைக்கு ஓடிக் கதவைத் தள்ளினேன். உள்ளே தாழ்ப்பாள். அம்மாவோ அடுப்படியில் நிற்கிறார். அப்பாவின் கண்மாய்ச் சொம்பு படியில் கவிழ்ந்து கிடந்தது.

"யாரது உள்ள?"

ஒரு கனைப்பு. "இருத்தா... இப்பத்தான வந்தேன்."

பஸ் போய்விட்டது. போகட்டும்.