தாலிக்கொடி இருந்த பெட்டி

மனைவி தாலிக்கொடி வைத்திருந்த மரப்பெட்டி இறுகிவிட்டது. பல நிற மரச்சீவல்கள் ஒட்டிய யப்பானிய முறைப் பெட்டி அது. பலகைகளை ஒழுங்காக நகர்த்தினால்தான் திறக்கும். பென்டில் ஹில்லில் அதைச் செய்தவரிடமே கொண்டுபோனேன். எனக்கு அவரில் நம்பிக்கையில்லை. அவருடைய கராஜில் கதிரை போட்டு, அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூடி திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"கொடி எங்கயடா, கள்ளா?"

"நீங்கள் பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள், அண்ணை."

அவர் அடிப்பலகையை நகர்த்தினார். அங்கே இன்னொரு அறை, அதற்குள் கொடி.

"பெட்டி செய்யேக்க உங்கட வீட்டு அக்காதான் இந்த அறையைக் கேட்டவா. உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டவா."

வீட்டில் அவளுடைய கைப்பையையும் போனையும் தினமும் கிளறுகிறவன் நான்தான். அவரிடம் அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். அவளிடம் இன்னும் கேட்கவில்லை.