வெயிலில் ஓடும் கட்டடம்

இன்னும் இல்லாத ஒன்றை, கண்ணெதிரே இருப்பதுபோல் சொல்லி விற்பதற்குப் பெயர்தான் கட்டடக் கலை. கல்யாணத் தரகர்களுக்கும் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகளுக்கும் என் பாடு புரியும். நீங்களும் அப்படி எதையாவது விற்றுப் பார்த்தவர் என்றால், நாம் ஒரே சாதி.

தொண்ணூறுகளில், தினமும் செங்கல்பட்டில் பஸ் ஏறி, புதுப்பட்டினத்தில் ஒரு கட்டடம் கட்டப் போய்க்கொண்டிருந்தேன். கீழே கடைகள், நடுவில் ஆபீஸ்கள், மேலே எட்டு வீடுகள், எல்லாம் வாடகைக்கு. மொட்டை மாடியில் சோலார் பலகைகள். அவை பகலெல்லாம் பேட்டரியில் கரண்ட் சேர்க்கும். படிக்கட்டு விளக்குகளும் தண்ணீர் மோட்டாரும் வீட்டுக்கு ஒரு விளக்கும் ஃபேனும் அதில் ஓடும். மனைக்காரர் எத்திராஜ், செய்யூர்ப் பக்கம் சவுக்குத் தோப்பு வைத்திருந்தவர். பக்கத்திலேயே அவருக்கு இன்னும் இரண்டு மனைகள் இருந்தன. "ஒரு வருஷம் பாப்பேம்மா. ஓடுச்சுன்னா அதுலயும் இதே மாதிரி. இல்லாங்காட்டி சும்மா டப்பா மாதிரி கட்டி ஜெனரேட்டர் வெச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

எனக்கோ ஒரு கட்டடம் போதாது. வெயிலும் கடற்காற்றும் குடித்தனம் இருக்கிற ஒரு முழுத் தெருவே வேண்டும். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தத் தெருவில் நடந்துகொண்டே இருந்ததில், இரண்டு முறை இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டை விட்டிருக்கிறேன்.

முதல் கிராக்கி

மரத்தூளும் அட்டையும் வைத்து நான் செய்த மாதிரிக் கட்டடத்தைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வருவார்கள். முதலில் வந்தவர் அணு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்ப்பவர். நான் பலகையைக் காட்டி, வெயில் எப்படி விளக்காகிறது என்று கண் மூடாத குறையாக வர்ணித்தேன். கொல்லன் தெருவில் ஊசி விற்கிறோம் என்பது பாதியில்தான் உறைத்தது. மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"மேடம், நாள் பூரா அணுவோட மாரடிச்சுட்டு வரேன், என்கிட்டயே வெயிலை விக்கிறீங்களா? சரி, கிழக்குப் பார்த்த வீடா ஒண்ணு குடுங்க."

உறை

குடி வந்த இரண்டாம் வாரமே விளக்கு எரியவில்லை என்று ஆள் வந்தது. அடித்துப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினேன். சவுக்குகளுக்கு மேலே ஒரு கோடு போலக் கடல், இந்தப் பக்கம் நல்ல வெயில், நடுவே என் பலகைகள் எல்லாம் பூப்போட்ட துணி உறை மாட்டிக்கொண்டு வரிசையாகப் படுத்திருந்தன. ஓரத்தில் சிவப்புப் பைப்பிங் வேறு. கீழ்க் கடை டெய்லர் கன்னியப்பன், காசு வாங்காமல், அளவெடுத்துத் தைத்துப் போட்டிருந்தார். கோபித்துக்கொள்ளலாம் என்றுதான் போனேன். தையலைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

"புது டிவிக்கே உறை போட்டு வெச்சிக்கினு கீறோம். இம்மாம் வெல குடுத்து வாங்கனத யாராவது வெயில்ல போட்டு வெப்பாங்களாம்மா?"

காற்று வரும் வழி

கட்டடத்தின் நடுவில், கீழிருந்து மாடி வரை வானம் பார்க்கத் திறந்த இடம் ஒன்று விட்டிருந்தேன். மத்தியானம் கடற்காற்று கிளம்பினால் கீழ்க் கடைகள் வழியாக நுழைந்து, ஒவ்வொரு வீட்டுத் திரையையும் தூக்கிப் பார்த்துவிட்டு மேலே போகும். நான் படிக்கட்டில் உட்கார்ந்து அந்தத் திரைகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். சந்தோஷம் என்றால் எனக்கு அதுதான்.

அதை மூடச் சொல்லி முதல் மனு கொடுத்தவர் சரோஜா டீச்சர். திருக்கழுக்குன்றத்தில் ஓய்வு பெற்று வந்து மேல் வீட்டில் குடியிருந்தவர். குடியிருப்போர் எல்லாருக்கும் அவர்தான் செயலாளர்.

"உங்க காத்து தங்கமான காத்தும்மா, ஆனா பூஜை நேரத்துல மூணாம் நம்பர் வீட்டுக் கருவாட்டையும் கையோட கூட்டிட்டு வருதே."

கிரகணம்

வருஷம் முடிந்தது. மின்வெட்டு நேரத்தில் வந்தால்தான் உண்மை தெரியும் என்று சொல்லி, எத்திராஜ் ஒரு நாள் மாலை ஆறரை மணியைக் குறித்தார். அவருடைய இரண்டு தம்பிகளும் கூட வருவதாக ஏற்பாடு. அன்று காலையில் சூரிய கிரகணம் என்பதை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. ஆறு மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எல்லா வீட்டிலும் ஃபேன் தலைதெறிக்கச் சுற்றியது. தொட்டி நிரம்பி வழிந்து தெருவில் ஓடியது. படிக்கட்டு விளக்கிலிருந்து ஒயர் இழுத்து, கன்னியப்பனின் மிஷின் மோட்டார் துணியே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரி அறைக் கதவில் தர்ப்பை செருகியிருந்தது. கிரகண நேரத்தில் சேர்ந்த கரண்ட் தீட்டாம். காலையிலிருந்து ஊர்கூடி அதைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். "கம்பத்துக் கரண்ட்டுக்குத் தீட்டு இல்லையா டீச்சர்?" என்றேன், அழாத குறையாக. "அது எங்கேயோ ஆக்கினது, ஓட்டல் சாப்பாடு மாதிரி. இது நம்ம மாடியில ஆனதாச்சே!" என்றார்.

ஆறு இருபதுக்கு பேட்டரி தீர்ந்து எல்லாம் நின்றது. ஆறரைக்கு ஊர் மின்வெட்டும் வந்தது, எத்திராஜும் வந்தார். இருட்டுப் படிக்கட்டில் தம்பிகள் தடவித் தடவி ஏறினார்கள். ஒரு வருஷ உழைப்பும், பஸ்ஸில் நான் கட்டிய தெருவும் அத்தோடு போயிற்று என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன். நடந்ததை டீச்சர்தான் மெழுகுவர்த்தியோடு நின்று, ஒன்று விடாமல் விளக்கினார். மறுநாள் குளித்துவிட்டுப் புதுசாகச் சேர்த்துக்கொள்வதாக வாக்கும் கொடுத்தார். எத்திராஜ் டீச்சர் கையிலிருந்த மெழுகுவர்த்தியை வாங்கிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இன்னாத்துக்கும்மா அழுவுற? குடிக்கூலிக்கு கீறவங்க நம்ம மாடின்றாங்க, இதுக்கு மேல இன்னா டெஸ்ட் வெக்கறது? பக்கத்து மனைங்களுக்கும் இதே பிளான போடு."

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் நான் கட்டிய ஒவ்வொரு கட்டடத்திலும் பேட்டரி அறைக் கதவில் தர்ப்பை செருக ஓர் ஆணி உண்டு. நான் வரைந்ததிலேயே எந்தக் குடித்தனக்காரரும் மாற்றச் சொல்லாத ஒரே விஷயம் அதுதான்.