முன்னால் மட்டும் புது டயர்

புது ரப்பரின் நெடி. டயர் கடையைக் கடக்கும்போதெல்லாம் அது வயிற்றில் போய் உட்கார்ந்துகொள்கிறது. உடனே மலைமேல் நாங்கள் குடியிருந்த செண்பகனூர், ஐப்பசி மழை, ஈரத்தில் நிற்கும் ஒரு வெள்ளைக் கார்.

இரண்டாயிரத்துச் சொச்சம். என் மனைவிக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து அவளைப் பழனிக்குக் கூட்டிப்போக அவள் தம்பி வந்திருந்தான். உடன்பிறந்தவன்தான் அழைத்துப்போக வேண்டும், புருஷன் கூடவே போகக்கூடாது. அவர்கள் வீட்டு வழக்கம் அது. மலையேறுமுன் காருக்கு அகலமான, பந்தயக்காரர்கள் போடுவதுபோன்ற டயர் இரண்டு வாங்கி, எலுமிச்சம்பழம் நசுக்கி, முன்பக்கம் மாட்டியிருந்தான்.

"பின்னாடி மாத்தலையா மாப்ள?"

"பின்னாடி எதுக்கு மச்சான்? திருப்புறது முன்னாடிதான. பின்னாடி சும்மா தொத்திக்கிட்டு வரும், நீங்க எங்கக்கா பின்னாடி போற மாதிரி."

கிளம்புமுன் ஒரு சுற்று காட்டுகிறேன் என்று காலையில் என்னைப் பெருமாள்மலைப் பக்கம் ஓட்டிப்போனான். வளைவுகளில் பழைய டயர் கீச்சிடும். போதும், மெதுவாகப் போ என்று அதட்டுவதுபோல. இது வாய் திறக்கவில்லை. பசை வைத்ததுபோல் சாலையைக் கவ்வியது. கவ்வக் கவ்வ இவன் வேகம் கூட்டினான். பாராட்டைக் கேட்கும் முகம். அடுத்த வளைவில் யூகலிப்டஸ் இலைகள் நனைந்து கிடந்தன. முன்பக்கம் சொன்னபடி திரும்பியது. பின்பக்கம் வரவில்லை. அது தன்பாட்டுக்கு வெளியே, பள்ளத்தின் பக்கமாக வழுக்கியது. புது டயருக்கு வாய்த்த வேகத்தைத் தேய்ந்த பின் டயர் தாங்கவில்லை. கண்ணாடி நிறைய வெறும் மூடுபனி. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து எப்படியோ நேராக்கினான்.

"எல வழுக்கிருச்சு மச்சான்," என்று சிரித்தான். அப்படியே வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினான்.

"நல்லத பின்னாடி போடு மாப்ள. இந்த மழையில முன்னாடி மட்டும் பிடிச்சா பத்தாது."

"ஊருக்குப் போயி நாலையும் மாத்திருவோம். இப்ப ஜாக்கிய எடுத்தா ராகு காலம் வந்துரும். வெள்ளனே கெளம்பணும்னு அம்மா சொல்லிவிட்டுருக்கு."

வீடு நிறைய உறவுக்காரர்கள். வாசலில் ஆரத்தி. பிள்ளைத்தாய்ச்சி வண்டியேறும்போது வழுக்கும், விழும் என்று வாயெடுத்தால் காலத்துக்கும் அந்தச் சொல் என் தலையில். வார்த்தையை விழுங்கினேன்.

நல்லபடியாக வந்து சேர்ந்தோம் என்று மத்தியானம் பழனியிலிருந்து போன் வந்ததெல்லாம் பிறகு. அந்த நிமிடத்தில் அது எனக்குத் தெரியாது.

அவன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். கார் ஜன்னலில் குனிந்து, காலையில் நடந்ததை அவள் காதில் மட்டும் சொன்னேன். அவள் வளையல் கையை வயிற்றிலிருந்து எடுக்கவில்லை. தம்பியை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

"நான் தூங்க மாட்டேன். வெரசாப் போனான்னா வாந்தி வருது, நிறுத்துடான்னு சொல்லிருவேன், வளைவுக்கு வளைவு. நீங்க உள்ள போங்க, நனையிறீங்க."