மிஷினுக்குள் என் கை இருந்தபோது

காரைக்காலில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஐஸ் கட்டிகளை உடைக்கும் மிஷினுக்குள் தள்ளுவது என் வேலை. சுவிட்சைப் பார்த்துக்கொள்வது செல்வம். பொங்கலுக்கு யார் லீவு எடுப்பது என்று எங்களுக்குள் சண்டை வந்து, பேச்சு நின்றுபோனது. எதுவானாலும் மூன்றாவது ஆள் மூலமாகத்தான் சொல்லிக்கொள்வோம்.

ஒருநாள் மிஷினில் கட்டி சிக்கிக்கொண்டது. படகுகள் கிளம்புகிற அவசரம். செல்வம் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட மனம் வரவில்லை. நானே சுவிட்சை அணைத்துவிட்டு வந்து, உள்ளே கையை விட்டேன்.

சுவிட்ச் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் என்னைத் தெரியாது. டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்த செல்வம், மிஷின் நின்றிருப்பதைப் பார்த்துச் சுவிட்சைப் போட்டுவிட்டான்.

மிஷினின் இரும்புப் பற்கள் சுழன்றன. கையை உருவிவிட்டேன். ஆனால் தோளில் கிடந்த துண்டு மாட்டி, என்னையும் சேர்த்து இழுத்தது. நான் போட்ட அலறலில் அவன் சுவிட்சை அணைத்தான்.

ஓடி வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான்.

"கைய வுடுறேன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதாண்ணே? நான் கொலகாரனாயிருப்பேனே!"

"நீ மட்டும் பேசுனியா?" என்று கேட்க நினைத்தேன். அவன் அழுதுகொண்டிருந்தான்.

பழைய நெருக்கம் இன்னும் திரும்பவில்லை. ஆனால் கட்டி சிக்கினால், "செல்வம், கைய வைக்கிறேன்" என்று உரக்கச் சொல்கிறேன். "வைங்கண்ணே, சுவிட்ச்கிட்டதான் நிக்கிறேன்" என்பான். சில நாள் அந்தப் பதில் வரச் சற்றுத் தாமதமாகும். அதுவரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன்.