நெற்றி முடியும் ரோஸ் கிளிப்பும்

என் சித்தி காலேஜில் சேர்ந்த வருஷம் நெற்றியில் முடி வெட்டிக்கொண்டு வந்தாள். அன்று தாத்தா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். பின்னால் இடுப்புவரை பின்னல் அப்படியேதான் இருந்தது. முன்னால் மட்டும் புருவத்தைத் தொடுகிற மாதிரி ஒரு வரிசை முடி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் அதுவரை யாரும் அப்படிச் செய்துகொண்டதில்லை. "நெத்திக்குக் கூரை போட்டுக்கிட்டு வந்திருக்கா பாரு" என்று தாத்தா அம்மாவிடம் சொன்னார். சித்தியிடம் நேராகச் சொல்லமாட்டார். கோபம் வந்தால் சம்பந்தப்பட்டவருக்குக் கேட்கிற மாதிரி அடுத்தவரிடம் பேசுவது அவர் வழக்கம்.

அப்பாவுக்கு வெளிநாட்டில் வேலை என்பதால் நானும் அம்மாவும் தாத்தா வீட்டில்தான் இருந்தோம். சித்தி அம்மாவின் தங்கை. தினமும் பஸ்ஸில் சிதம்பரம் போய் மூன்று வருஷம் கம்ப்யூட்டர் படித்தாள். அவளைச் சேர்க்கும்போது தாத்தா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாராம்: "படிக்கப் போற. படிச்சிட்டு வா. வேற யாரையும் கூட்டிக்கிட்டு வராத." சும்மா மிரட்டல் இல்லை அது. அடுத்த தெருவில் ஒரு பெண் தானே மாப்பிள்ளை பார்த்துக்கொண்டபோது, அந்தத் தெரு வழியாகப் போவதையே தாத்தா விட்டுவிட்டார். பால் வாங்கக்கூட ஊரைச் சுற்றிக்கொண்டு போவார்.

நெற்றி முடி அழகாகத்தான் இருந்தது. ஆனால் மேக்கப் போடும் நேரத்தில் அது படுத்திய பாடு கொஞ்சமில்லை. அப்படியே விட்டுப் பவுடர் போட்டால் முடியெல்லாம் வெளுத்து, சித்திக்கு நரைத்துப்போன மாதிரி ஆகிவிடும். ரப்பர் பேண்டு போட்டுத் தூக்கிக் கட்டினால், அவிழ்த்த பிறகும் சேவல் கொண்டை மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். என்னுடைய ஹேர்பேண்டை மாட்டினால் நெற்றியில் சிவப்பாக ஒரு கோடு விழும். எண்ணெய் வைத்துப் படிய வாரிவிடலாம் என்றாள் அம்மா. வாரியும்விட்டாள். முடி போய் ஸ்டிக்கர் பொட்டோடு ஒட்டிக்கொண்டது. சித்தி அன்று அழுதுகொண்டே பஸ் ஏறினாள்.

கடைசியில் சரிப்பட்டு வந்தது ஒரு ரோஸ் கலர் கிளிப்தான். சிதம்பரம் கீழவீதியில் வாங்கியது. நண்டுக்கால் மாதிரி இரண்டு பக்கமும் பல் வைத்த பெரிய கிளிப். ஒருமுறை கீழே விழுந்ததில் அதன் ஸ்பிரிங் கொஞ்சம் நகர்ந்துவிட்டது. அதிலிருந்து அதற்கு ஒரு குணம் வந்தது. முடியை அழுத்தாமல், தடம் பதியாமல், பூப்போலப் பிடித்துக்கொள்ளும். ஆனால் கழற்றும்போது மற்ற கிளிப்பைப் போல இரண்டு பக்கமும் சேர்த்து அமுக்கினால் இன்னும் இறுகிக்கொண்டு ஒரு கொத்து முடியோடுதான் வெளியே வரும். கட்டைவிரலைக் கீழே கொடுத்து ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, லேசாகத் திருப்பினால்தான் வாயைத் திறக்கும். அம்மா ஒருமுறை அவசரத்துக்கு அதை மாட்டிக்கொண்டு, எடுக்கத் தெரியாமல் கண்ணில் தண்ணீர் வர நின்றாள். அதற்குப் பிறகு அதைத் தொடவே இல்லை. சித்தியைத் தவிர அதைத் திறக்கத் தெரிந்தது எனக்கு மட்டும்தான். முழுப் பரீட்சை லீவு முழுக்கத் துண்டின் நூலில் மாட்டி மாட்டிப் பழகியிருந்தேன். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

தினமும் காலையில் பீரோ கண்ணாடி முன்னால் சித்தி முடியைத் தூக்கிக் கிளிப்பைப் போடுவாள். கிரீம், பவுடர், கண் மை, பொட்டு. கடைசியில் கிளிப்பை எடுத்தால் முடி நெற்றியில் வந்து விழும். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் கிளிப்போடே ஓடிய நாட்களும் உண்டு. சாயந்திரம் திரும்பி வரும்போது அது கைப்பையில் இருக்கும்.

படிப்பு முடிந்து சித்தி கடலூரிலேயே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது. மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். முதலில் வந்தது பண்ருட்டிக்காரர்கள். கேசரி சாப்பிட்டுக்கொண்டே அந்த வீட்டு அம்மா, "பொண்ணு செஞ்சதா?" என்று கேட்க, நான் முந்திக்கொண்டு, "இல்ல, எதிர்வீட்டு அக்கா செஞ்சி கொடுத்தாங்க. சித்திக்கு வெந்நிகூட வைக்கத் தெரியாது" என்றேன். அவர்கள் போனவர்கள் போனவர்கள்தான். வீட்டில் எல்லாரும் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். சித்தி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் கப் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தாள்.

அடுத்த வரனைத் தரகர் கொண்டுவந்தார். பையனுக்குப் புதுச்சத்திரம். மெக்கானிக்கல் இன்ஜினியர், நெய்வேலிப் பக்கம் வேலை. ஜாதகம் பொருந்தியது. "நம்ம பொண்ணு படிச்ச எடத்துலதான் அவனும் படிச்சிருக்கான். ஆனா இவ பாத்ததே இல்லங்கிறா. எவ்ளோ பெரிய எடம், எங்க பாக்கிறது" என்று தாத்தா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அதில் அவருக்கு அப்படி ஒரு திருப்தி.

வீட்டுக்கு வந்து பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் இரண்டு பக்கமும் சங்கடம் என்று, சிதம்பரம் கோயிலில் பார்ப்பதாக ஏற்பாடு. அதாவது நாங்கள் பாட்டுக்குச் சாமி கும்பிடப் போவோம். அவர்களும் சாமி கும்பிட வருவார்கள். தற்செயலாகச் சந்திப்போம். இந்தத் தற்செயலுக்காக இரண்டு குடும்பமும் பட்டு உடுத்திக்கொண்டு, வாடகைக் கார் வைத்துக்கொண்டு, சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. கிளம்பும்போது அம்மா என் கன்னத்தைப் பிடித்து, "அங்க வந்து வாயத் தொறந்த, அப்பறம் பாரு. கேட்டாலும் பேசக் கூடாது" என்றாள். கேசரிக்கான தண்டனை அது. வாயைத் திறப்பதில்லை என்று சாமி மேல் சத்தியம் செய்தேன்.

காரில் காற்று அடித்து நெற்றி முடி கலைந்துவிடும் என்பதால் சித்தி மேக்கப்பைச் சிதம்பரம் போய்ப் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். கீழவீதியில் கார் நின்றது. தாத்தாவும் அம்மாவும் அர்ச்சனைத் தட்டு வாங்க இறங்கினார்கள். சித்தி முடியைத் தூக்கிக் கிளிப்பைப் போட்டாள். நான் கைக்கண்ணாடியைப் பிடித்தேன். வெயிலுக்குப் பவுடர் போடப் போட வேர்வையில் கரைந்தது. ஒரு கண்ணுக்கு மை எழுதி முடித்து அடுத்த கண்ணுக்கு வரும்போதே அம்மா ஓடிவந்து, "அவுங்க வந்துட்டாங்கடி, உள்ள போயிட்டாங்க" என்றாள். சித்தி எப்படியோ மற்றக் கண்ணையும் எழுதிப் பொட்டை ஒட்டிக்கொண்டு இறங்கினாள். அம்மா பின்னால் நின்று, கோயில் வாசலையே பார்த்தபடி பூவைச் சரிசெய்தாள். தாத்தா முன்னால் நடந்தார். உச்சந்தலையில் ரோஸ் கலர் கிளிப் கோபுரம் மாதிரி நிற்க, சித்தி நடுவில் போனாள்.

பார்த்தது நான் ஒருத்திதான். நானோ வாயைத் திறக்கக் கூடாது. அம்மாவின் புடவையை இழுத்து என் உச்சந்தலையைத் தொட்டுக் காட்டினேன். அம்மா கையைத் தட்டிவிட்டாள். இரண்டு கையாலும் தலையில் நண்டு மாதிரி செய்து காட்டினேன். "பேன் கடிக்குதா? வீட்டுக்குப் போயி பாத்துக்கலாம். மானத்த வாங்காத" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். இந்தக் கல்யாணமும் நின்றுபோனால் பழி என் மேல்தான் விழும் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. பேசினாலும் குற்றம், பேசாவிட்டாலும் குற்றம் என்றால் ஒன்பது வயதுப் பிள்ளை என்னதான் செய்யும்?

பிரகாரத்தில் அவர்களைத் தற்செயலாகச் சந்தித்தோம். பெரியவர்கள் ஆச்சரியப்பட்டுக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா சித்தியின் முகத்தைப் பார்த்தார், பிறகு தலையைப் பார்த்தார், பார்வை அங்கேயே நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் தங்கை மட்டும் வாய்விட்டு, "கடலூர்ல இப்ப இதான் ஃபேஷனா அண்ணி?" என்று கேட்டாள். அண்ணி என்று சொல்லிவிட்டாளே என்ற வெட்கத்தில் சித்திக்குக் கேள்வி காதில் ஏறவில்லை. குனிந்துகொண்டாள். குனிந்ததில் கிளிப் இன்னும் நன்றாகத் தெரிந்தது. மாப்பிள்ளை வாயைக் கையால் மூடிக்கொண்டு கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு வார்த்த பேசட்டும்" என்று யாரோ சொன்னார்கள். தாத்தா யோசித்து, என்னைத் துணைக்கு அனுப்பினார். சிவகங்கைக் குளத்துப் பக்கம் போனோம். பெரியவர்களுக்கு முதுகைக் காட்டி, தூண் மறைவில் அவர்கள் நின்றார்கள். நான் படியில் உட்கார்ந்து வேவு பார்த்தேன். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மாப்பிள்ளை ஒரு நிமிஷம் சித்தியைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, கட்டைவிரலைக் கீழே கொடுத்து, ஒரு பக்கத்தை நெம்பி, லேசாகத் திருப்பிக் கிளிப்பை எடுத்தார். முடி ஒன்றுகூட வரவில்லை. நெற்றி முடி பொலபொலவென்று புருவத்தில் வந்து விழுந்தது. அவர் கிளிப்பைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சித்தி தலையில் கை வைத்துப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். நான் அசந்துபோனேன். நான் லீவு முழுக்கக் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டதை ஒருவர் பார்த்த மாத்திரத்தில் செய்கிறார்.

அங்கேயே இரண்டு பக்கமும் சம்மதம் சொன்னார்கள். திரும்பும்போது காரில் தாத்தா முன்சீட்டிலிருந்து திரும்பி, "என்னா பேசிக்கிட்டாங்க?" என்று என்னைக் கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். "தாத்தா கேக்குறாரு இல்ல, சொல்லு" என்றாள் அம்மா.

"ஒண்ணுமே பேசல தாத்தா."

தாத்தாவின் முகம் மலர்ந்தது. "பாத்தியா, அதான் அடக்கம். மொத மொத பாக்கறப்ப அப்பிடித்தான் இருக்கணும்" என்று டிரைவரிடம் சொன்னார்.

சத்தியத்திலிருந்து விடுதலை கிடைத்த சந்தோஷம் எனக்கு. "ஆனா தாத்தா, அந்த மாமா சித்தியோட கிளிப்ப" என்று ஆரம்பித்தேன். "அம்மாவுக்குக்கூட எடுக்கத் தெரியாதே அந்த ரோஸ் கிளிப்பு, அத அவரு..."

தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. அம்மா சித்தியைப் பார்த்தாள். சித்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது. "என்னா சொல்றா?" என்றார் தாத்தா. "வாந்தி வருதாம்பா. வண்டிய நிறுத்தச் சொல்லுங்க" என்றாள் அம்மா. பு.முட்லூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் கார் நின்றது. வராத வாந்தியை எடுக்கச் சொல்லி என் தலையைக் குனியவைத்துக்கொண்டு அம்மா காதில் சொன்னாள்: "கிளிப்புக் கதைய யாருகிட்டயும் சொல்லாத. நல்ல காரியத்துல கிளிப்பக் கழட்டறது அபசகுனம்னு தாத்தா கல்யாணத்த நிறுத்திடுவாரு." அப்படி ஒரு சகுனம் இருப்பதாக அன்றுதான் கேள்விப்பட்டேன். நம்பினேன். காரில் ஏறியதும் எனக்கு எலுமிச்சைச் சோடா கிடைத்தது.

கல்யாணத்தன்று, தாத்தா பந்தியைக் கவனிக்கப் போன சமயம் பார்த்துச் சித்தப்பாவிடம் ரகசியமாகக் கேட்டேன், அதை எப்படித் திறந்தீர்கள் என்று. அவர் கொஞ்சமும் யோசிக்காமல், "மெக்கானிக்கல் படிச்சா அதெல்லாம் தன்னால வரும் பாப்பா" என்றார். பக்கத்தில் மாலையோடு நின்ற சித்தி தலையை ஆட்டி ஆமோதித்தாள். அன்றே முடிவு செய்துவிட்டேன், நானும் மெக்கானிக்கல்தான் படிப்பது என்று. படிக்கவும் படித்தேன். பெண்பிள்ளைக்கு எதற்கு மெக்கானிக்கல் என்று ஆளாளுக்குக் கேட்டபோது, சித்தப்பா ஒருவர்தான் எனக்காக வாதாடினார். அவருக்கு வேறு வழியில்லை.

இரண்டாம் வருஷத்தில் ஸ்பிரிங் பற்றிப் பாடம் வந்தது. இந்த நாளுக்காகத்தானே காத்திருந்தேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஸ்பிரிங் இழுபடுவது, சுருங்குவது, முறுக்கிக்கொள்வது எல்லாம் வந்தது. விழுந்து நகர்ந்துபோன ஸ்பிரிங்கைப் பார்த்த மாத்திரத்தில் திறப்பது எப்படி என்று மட்டும் எங்கேயும் இல்லை. எவ்வளவு படித்தவனாக இருந்தாலும் அதை இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் முதலில் அமுக்குவான். அது புரிந்த நிமிஷத்தில் காலைநேர சிதம்பரம் பஸ்ஸும், கிளிப்போடு ஓடிப்போய் ஏறிய சித்தியும், பாதி வழியில் புதுச்சத்திரம் நிறுத்தமும் வரிசையாக நினைவுக்கு வந்தன. ஏன் சாயந்திரங்களில் கிளிப் கைப்பையில் இருந்தது என்பதும், கேசரியைக் கெடுத்ததற்கு ஏன் ஐஸ்கிரீம் கிடைத்தது என்பதும், தரகர் எப்படிச் சரியாக அந்த வரனையே கொண்டுவந்தார் என்பதும் கூடவே வந்தன. வகுப்பில் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். வெளியே நிற்கச் சொன்னார்கள்.

வராந்தாவில் நின்றுகொண்டு இன்னொன்றையும் நினைத்துப் பார்த்தேன். முதல் நாள் பஸ்ஸில் சித்தப்பாவும் தப்பாகத்தான் அமுக்கியிருப்பார். ஒரு கொத்து முடி அவர் கையோடு வந்திருக்கும். அம்மாவுக்கு வந்த மாதிரியே சித்திக்கும் கண்ணில் தண்ணீர் வந்திருக்கும். ஆனாலும் மறுநாள் காலையில் அவள் அதே கிளிப்பைப் போட்டுக்கொண்டு அதே பஸ்ஸில் போய் ஏறியிருக்கிறாள்.